‘ரெயின் செக்’கும் நமது ‘மறுகா’வும்

மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ அண்மையில் வட அமெரிக்காவுக்கு வந்தவர்கள், உடன் வேலை செய்பவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ என்ற பதிலைக் கேட்டுத் திகைப்பதுண்டு. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் எனக்கும் இது நேர்ந்தது. ‘செக்’ என்றால் வங்கியில் மாற்றும் காசோலை என்று மட்டுமே அறிந்திருந்ததால், சாப்பிட அழைத்தவனிடமே இவர் காசும் கேட்கிறாரோ என்று குழம்பி நின்றேன். இம்முறை வர இயலாது, இன்னொரு நாள் வருகிறேன் என்பதைத்தான் அவர் சொல்லியிருந்தார்.

இத்தொடர் பேஸ்போல் மைதானத்திலிருந்து வந்தது. மழையால் ஆட்டம் நின்றுபோனால், காசு கொடுத்து வந்தவர்கள் வேறொரு நாள் இலவசமாகப் பார்ப்பதற்குத் துண்டு கொடுக்கும் வழக்கம் 1880களில் அமெரிக்காவில் பரவியது. அதை நுழைவுச்சீட்டிலேயே கிழித்தெடுக்கும் பகுதியாக்கியவர் நியூ ஓர்லியன்ஸ் நகரின் பேஸ்போல் அணியை நடத்திய ஏப்னர் பவல் என்பார்கள். (மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்த இயேசு சபைக் குருமார் அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், மட்டக்களப்பின் வெபர் மைதானத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஊர் அவ்வளவு அந்நியமன்று.) ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் மழை வந்தால் பொதுவாக ஆட்டம் நிறைவுற்றதாகவே கொள்ளப்படும், துண்டு செல்லாது.

இன்றும் சில கடைகளில், மலிவு விலையில் விளம்பரம் செய்த பொருள் தீர்ந்துவிட்டால், அதே விலைக்குப் பின்னர் வாங்குவதற்கு இப்பெயரிலேயே துண்டு எழுதித் தருவார்கள். கூச்சமின்றிக் கேளுங்கள்.

பேச்சில் இதற்கு மிக நெருங்கிய சொல், ‘பிறகு’ என்னும் பொருளில் மட்டக்களப்புப் பக்கம் நாம் சொல்லும் ‘மறுகா’தான். ‘மறுகா வாறன்’ என்று ஒருவர் படலையடியில் சொன்னால், வருவாரா மாட்டாரா என்பதை அவருடைய முகத்தைப் பார்த்தே நாம் அறிந்துகொள்வோம். இங்கே அதை, அவர் ஒரு நாளைக் குறிப்பிடுகிறாரா என்பதைக் கொண்டுதான் அறியவேண்டும். உண்மையிலேயே வர விரும்புபவர், அடுத்த சனிக்கிழமை சரிவருமா என்று தாமே கேட்பார். நாள் எதுவும் குறிப்பிடாமல் இத்தொடரை மட்டும் சொன்னால், பெரும்பாலும் அது மென்மையான மறுப்பு. ஆகவே, நீங்கள் இதைச் சொல்லும்போது வர இயலும் ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறர் உங்களிடம் சொன்னால், நம் வீடுகளில் செய்வதுபோல ‘ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகவேணும்’ என்று வற்புறுத்தாமல், இன்னொரு தடவை அழைத்துப் பார்த்து, அப்போதும் இதே பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வு, மருத்துவரின் சந்திப்பு, மேலாளர் அழைத்த கூட்டம் ஆகியவற்றுக்கு இத்தொடர் ஒருபோதும் பொருந்தாது. அவற்றுக்கு வர முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லி, வேறு நாள் தருமாறு நேரடியாகவே கேட்கவேண்டும்.