ஊர் நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் பட்டியல் போடுங்கள்

வீட்டில் சேர்ந்துபோன புத்தகங்களை மூட்டை கட்டி ஊர் நூலகத்துக்குக் கொண்டுபோய், "இடமில்லை சார்" என்று கேட்டுவிட்டுக் கோபத்தோடு திரும்பியவர்கள் நிறையப் பேர் உண்டு. நானும் அலைந்துதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். இடப் பற்றாக்குறை உண்மைதான், ஆனால் முக்கால்வாசி நேரம் உண்மையான காரணம் பதிவேடு. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வரும் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் இவற்றுக்குத்தான். பள்ளி, கல்லூரி நூலகங்களின் வழி வேறு.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, தனியாக வேறு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது, ரசீதில் தனி வரியாக இருக்கும், பாருங்கள். 1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் அதுதான், சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டதன் பலன். ஆனால் அந்தப் பணத்தில் என்ன புத்தகம் வாங்குவது என்பது பெரும்பாலும் மேலே முடிவாகி மொத்தமாக வருவது. உங்கள் தெருவில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு அடுத்த வாரம் என்ன வேண்டும் என்பது அந்தக் கொள்முதலுக்குத் தெரியாது. நன்கொடைக்கு வேலை இருப்பது அங்கேதான்.

படி 1: வெறுங்கையோடு போங்கள்

முதல் தடவை புத்தகம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள். காலையில் நாளிதழ் படிக்க வரும் கூட்டம் கலைந்த பிறகு நூலகரிடம் உட்கார்ந்து "இங்கே எதை அதிகமாகக் கேட்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் நாம் நினைத்ததாக இருக்காது. நாம் நாவலும் கவிதையும் எடுத்து வைத்திருப்போம், அவர் 6 முதல் 12 வரை சமச்சீர் பாடப் புத்தகம் இரண்டு செட் கிடைக்குமா என்பார். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் வரி விடாமல் படிப்பது அதைத்தான், ஒரு செட் இருந்தால் நாலு பேர் காத்திருப்பார்கள்.

வாசகர் வட்டம், அதாவது நூலகத்துக்குத் துணை நிற்கும் வாசகர் குழு, இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். சில ஊர்களில் பெயருக்கு இருக்கும், சில ஊர்களில் நூலகத்தையே அவர்கள்தான் தூக்கி நிறுத்தியிருப்பார்கள்.

படி 2: கழிப்பது

ஈவிரக்கம் பார்க்காமல் கழியுங்கள். செல்லரித்தது, அட்டை போனது, நடுவில் பக்கம் இல்லாதது, பழைய பாடத்திட்ட கைடு, நாலு வருடத்துக்கு முந்தைய பொது அறிவுக் களஞ்சியம், பாகம் ஒன்று தொலைந்து பாகம் இரண்டு மட்டும் இருப்பது, இவையெல்லாம் எடைக்குப் போக வேண்டியவை. நமக்குத் தூக்கிப்போட மனம் வரவில்லை என்பதற்காக நூலகத்தில் கொண்டுபோய் வைப்பது தானம் ஆகாது.

குழந்தைகள் புத்தகம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள், செல்லோடேப் போட்டு ஒட்டினால் போதும். எப்படியும் அடுத்த மாதம் கிழியப் போகிறது.

படி 3: பட்டியல் (இதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்)

நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகமும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறிய நிமிடத்திலிருந்து அது அரசுச் சொத்து, காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். தணிக்கைக்கு வருகிறவர் எண்ணைச் சொல்லிப் புத்தகத்தைக் காட்டு என்பார். நீங்கள் ஒரு மூட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனால், அந்த நீளமான நோட்டில் ஒவ்வொன்றாகத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை என்று கட்டம் கட்டமாக எழுதி, தலைப்புப் பக்கத்தில் முத்திரை குத்தி, எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டுவது ஒற்றை ஆளாக நூலகத்தை நடத்துகிற அவர் தலையில்தான் விழும். "இடமில்லை" என்று ஏன் வருகிறது என்று இப்போது புரியும்.

ஆகவே அந்த வேலையில் பாதியை நீங்களே முடித்துக் கொடுங்கள். வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம், விலை. இந்த ஏழும் இருந்தால் போதும்.

விலைதான் வில்லங்கம். 1970களில் வந்த புத்தகத்தில் ரூ. 4.50 என்று இருக்கும். அச்சிட்டிருப்பதை அப்படியே எழுதுங்கள், இன்றைய மதிப்பு என்று நீங்களாக ஒன்றைப் போடாதீர்கள். விலையே அச்சிடாத புத்தகம் இருந்தால் அவற்றைத் தனித் தாளில் எழுதி, என்ன போடுவது என்று நூலகரிடமே கேட்டுவிடுங்கள். என் பட்டியலை ஓர் இடத்தில் திருப்பிக் கொடுத்தது இந்த ஒரு கட்டம் சில வரிகளில் காலியாக இருந்ததற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.

பட்டியலுக்கு என் சிபாரிசு கூகுள் ஷீட்ஸ். அட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் விவரம் தானாக வந்துவிடும் என்று சொல்லும் ஆப்கள் ஆங்கிலப் புத்தகத்துக்குச் சரி, தமிழுக்கு என் அனுபவத்தில் உதவாது, பழைய தமிழ்ப் புத்தகங்களில் ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண்ணே கிடையாது. போனில் ஜிபோர்டு என்கிற கூகுள் விசைப்பலகையைப் போட்டு, குரலில் தமிழில் சொல்லி ஏற்றுங்கள், வேலை பறக்கும். பதிப்பகப் பெயர்களை மட்டும் பிறகு ஒருமுறை சரிபாருங்கள், அது கேட்டதற்கு ஏதாவது ஒன்று எழுதி வைத்திருக்கும். யுனிகோடு அல்லாத பழைய டிடிபி எழுத்துருக்களில் அடிக்காதீர்கள், நூலகத்துக் கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும்.

அச்செடுத்து இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு, இன்னொன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், முறையாக நடத்துகிற நூலகருக்கும் அது பாதுகாப்புதான்.

படி 4: பணமாகக் கொடுப்பது

இது சுலபம். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர், அதற்கு மேலும் படிநிலைகள் உண்டு, புரவலர்களின் பெயரைச் சுவரில் பலகையில் எழுதி வைப்பார்கள். எவ்வளவு கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் புரவலர் ஆவதைவிட நூலகத்தின் முகவரிக்கு ஒரு சிறுவர் இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதையே முதலில் சொல்வேன். மாதாமாதம் புதிதாக ஒன்று வருவதால் பிள்ளைகள் தேடி வருவார்கள். நாற்காலி, மின்விசிறி, இரும்பு அலமாரி கொடுப்பதென்றால் வாங்குவதற்கு முன்பே நூலகர் மூலம் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் பதிவேட்டில் ஏறாமல் மூலையில் நிற்கும். அப்புறம், உபயம் என்று டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து எழுதுவதைப் போல நாற்காலி முதுகு முழுக்கப் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். அடியில் சின்னதாக எழுதினால் போதும்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

தாத்தாவின் பெட்டியில் பழைய புத்தகங்கள் கிடைத்ததாக ஒருவர் எழுதியிருந்தார். 1950க்கு முந்தையது, சிற்றிதழ், குஜிலிப் பதிப்பு (அந்தக் காலத்து மலிவு விலைச் சிறு நூல்) இப்படி இருந்தால் கிளை நூலகத்துக்குக் கொடுக்கவே வேண்டாம், பழசு என்று ஒருநாள் கழிவில் போய்விடும். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் முதலில் பேசுங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததில் தொடங்கிய நூலகம் அது, இந்த மாதிரிப் புத்தகத்தின் அருமை தெரிந்தவர்கள். ஈழத்து வெளியீடுகள் என்றால் "நூலக நிறுவனம்" என்ற பெயரிலேயே இருக்கும் அமைப்பிடம் பேசுங்கள், 2005லிருந்து அவற்றை மின்னூலாக்கி இணையத்தில் ஏற்றி வருகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பலாமா? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) வெளிநாட்டு நன்கொடையாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுப்பது அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் ஊரில் இருக்கும் நூலகரிடம் தேவையைக் கேட்டு, பதிப்பகத்தில் புத்தகமாக வாங்கி நேரே நூலக முகவரிக்கு அனுப்பச் சொல்லலாமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

வருமான வரிச் சலுகை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். புத்தகமாக, பொருளாகக் கொடுத்தால் கிடையாது. பணமாகக் கொடுத்தாலும் வாங்குகிற அமைப்பு நன்கொடைக்கான வரிச் சலுகைக்குப் பதிவு செய்திருக்க வேண்டும் (80ஜி பதிவு என்பார்கள்), 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது, நீங்கள் புதிய வரிமுறையில் இருந்தால் இந்தச் சலுகையே இல்லை.

தபாலில் அனுப்ப: பழைய பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 மே முதல் கியான் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. வாரப் பத்திரிகை, மாதப் பத்திரிகையெல்லாம் அதில் போகாது. கவுன்டரில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சொல்லாவிட்டால் சாதாரணப் பார்சலில் போட்டுவிடுவார்கள்.