கேயாசி வேறென்ன சொல்லியிருக்கலாம்? பிள்ளைகளுக்கு உண்மையைப் பழக்கும் விதம்

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்ற மிரட்டலை நம் கிறிஸ்தவ வீடுகளில் சாமியை எடுத்துவிட்டு இயேசப்பாவைப் போட்டுச் சொல்கிறோம். முதலில் அதை நிறுத்துங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். பயத்தில் வளரும் பிள்ளை மாட்டிக்கொள்ளாமல் பொய் சொல்லத்தான் கற்றுக்கொள்கிறது. தப்பு செய்த பிறகு திரும்பி வந்து சொல்கிற தைரியத்தைத்தான் நாம் பழக்க வேண்டும்.

இதற்கு நான் எடுக்கும் கதை வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 5-ம் அதிகாரம். குஷ்டரோகம் நீங்கிய சீரியா படைத்தலைவன் நாகமான் கொடுத்த காணிக்கையை, அவனைக் குணமாக்கிய தீர்க்கதரிசி எலிசா வாங்க மறுத்துவிடுகிறார். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி நாகமான் பின்னாலேயே ஓடி, எஜமான் கேட்டார் என்று பொய் சொல்லி, இரண்டு தாலந்து (அந்தக் கால எடை அளவு) வெள்ளியும் இரண்டு மாற்றுவஸ்திரமும் வாங்கி வீட்டில் ஒளித்து வைக்கிறான். எலிசா கேட்கிறார்: "கேயாசியே, எங்கேயிருந்து வந்தாய்?"

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் கடைசியில் அவனுக்குத் தண்டனையாகக் குஷ்டரோகம் வந்ததைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தவே நாம் அவசரப்படுகிறோம். அதற்குப் பதிலாக, "நீ கேயாசியா இருந்தா இப்ப என்ன சொல்லுவே?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை எலிசா, ஒரு பிள்ளை கேயாசி, நடித்துக் காட்டட்டும். "ஐயா, ஆசைப்பட்டு வாங்கிட்டேன், திருப்பிக் கொடுத்துடுறேன்" என்ற வாக்கியத்தை ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாயில் பழகாத வார்த்தை, மாட்டிக்கொண்ட நேரத்தில் வராது. அதன்பிறகு, "உமது அடியான் எங்கும் போகவில்லை" என்று அவன் சொன்ன பதிலை வாசியுங்கள். கையில் இருந்த வாய்ப்பை அவன் விட்டுவிட்டது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.

வீட்டிலும் அந்த வாய்ப்பை நீங்கள் கொடுக்க வேண்டும். டிபன் பாக்ஸில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்த பிறகு "சாப்பிட்டியா?" என்று கேட்காதீர்கள். அது பிள்ளைக்கு வைக்கும் கண்ணி. "சோறு மிச்சமிருக்கே, என்னாச்சு?" என்று கேளுங்கள். அவசரத்தில் பொய் வந்துவிட்டாலும், "போய்க் கொஞ்சம் யோசிச்சுட்டு வந்து சொல்லு" என்று அனுப்புங்கள். திரும்பி வந்து உண்மையைச் சொன்னால், முதலில் சொன்ன பொய்க்கு அடி கிடையாது. நான்கு வயதுப் பிள்ளை "மொட்டைமாடியில யானை வந்துச்சு" என்றால் அது கற்பனை, கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடி இல்லை என்பதால் கணக்கும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. அநியாயமாய் எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6:5. காய்கறி வாங்கிய மிச்சத்தில் பத்து ரூபாய் எடுத்த பிள்ளை, தன் உண்டியலிலிருந்து பன்னிரண்டு ரூபாய் வைக்கட்டும். கடையிலிருந்து மிட்டாய் எடுத்திருந்தால் கூடவே போங்கள். ஆனால் அண்ணாச்சியிடம் பேசவேண்டியது பிள்ளைதான், நீங்கள் அல்ல. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன வரிவசூல்காரன் சகேயுவின் கதையை (லூக்கா 19) அன்று இரவு குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். சகேயு திருப்பிக் கொடுப்பேன் என்று சொல்வதற்கு முன்னமே இயேசு அவன் வீட்டுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டார். பிள்ளை கவனிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான். அன்பு முதலில் வந்தது, பணத்தைத் திருப்பும் பேச்சு பிறகுதான் வந்தது.

நிலம் விற்ற பணத்தைப் பற்றிப் பொய் சொல்லி விழுந்து செத்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையை (அப்போஸ்தலர் 5) பன்னிரண்டு வயதுக்கு முன் தொடாதீர்கள். சின்னப் பிள்ளை அதில் சாவை மட்டுமே பார்க்கும்.

பெற்றோருக்கு ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையைப் பஸ்ஸில் "அஞ்சுன்னு சொல்லு" என்கிறோம். கடன்காரர் போன் செய்தால் "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்கிறோம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" (மத்தேயு 5:37) என்ற மனப்பாட வசனத்துக்கு ஞாயிறன்று பரிசு வாங்கிய பிள்ளையின் வாயாலேயே திங்கட்கிழமை பொய் சொல்ல வைக்கலாமா? அரை டிக்கெட் எடுங்கள். போனை நீங்களே வாங்கி, "இந்த மாசம் முடியலை, அடுத்த மாசம் தர்றேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

ஒப்புக்கொண்ட தப்பை அதோடு முடித்துவிடுங்கள். சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்தில் அத்தை, சித்தி முன்னால் "இவன் போன மாசம் என்ன செஞ்சான் தெரியுமா" என்று ஆரம்பித்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை உங்களிடம் வராது. பாட்டியே கேட்டாலும், "அது முடிஞ்சுபோச்சு அம்மா" என்று சொல்லிவிடுங்கள்.