பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணை வீட்டுக்கு அழைக்கும்போது: கடற்கரை வீடுகளுக்கு ஒரு செய்முறை

வீட்டோடு தங்கிப் பிள்ளை பார்க்க முதல்முறையாக ஒருவரை வரச்சொல்லியிருக்கிறீர்களா? பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து வீடு என்றால் பாலும் தூக்கமும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. கடலையும் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வருவதற்கு முன்பு

18 வயது நிரம்பியவரா என்று ஆதாரில் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். பதினாறு என்றாலும் வேண்டாம், அது படிக்கிற வயது.

சம்பளம், வார விடுப்பு, ஊருக்குப் போகும் நாள் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பார்க்க என்று அழைத்துவிட்டு மீன் கழுவவும் பெரியவர்கள் துணி துவைக்கவும் சொல்வது நியாயமே இல்லை.

விசைப்படகு வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நிற்கும், நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் என்ன என்பதைச் சேரும்போதே பேசிவிடுங்கள். தடை தொடங்கியபின் "ஊருக்குப் போய்ட்டு வாம்மா" என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

வந்த அன்று

வேலை சொல்லாதீர்கள். உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை, மின்விசிறி, பூட்டுப் போட ஒரு பெட்டி இருக்கட்டும். அவர் அம்மாவிடம் போனில் பேசவிடுங்கள். கடல் இல்லாத கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வருபவருக்குத் தினமும் மீன் சாப்பிடப் பிடிக்காமல் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "அக்கா" என்று கூப்பிடட்டும்.

மறுநாள்

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். எது குடிக்கிற காவிரித் தண்ணீர்க் குடம், எது உப்புத் தண்ணீர் என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். உப்புத் தண்ணீரில் கழுவிய பால் புட்டியில் வெள்ளையாகப் படியும். கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான். கொதிக்கவைப்பதும் அதில்தான்.

அடுத்து கடல். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றுக்கு வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக்குத் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்). கடல் இல்லாத ஊரிலிருந்து வருபவருக்கு இது தெரியாது, குளம்போலக் கிடக்கும் கரையை நம்பிவிடுவார். அதனால் முதல் மாதம் நீங்கள் கூட இல்லாமல் பிள்ளையைக் கரைக்குக் கூட்டிப்போகக் கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறியை (ஜெல்லி மீன்) பிள்ளை தொடக் கூடாது, செத்துக் கிடந்தாலும் அரிக்கும். தண்ணீர் ஓரம் நிற்கும்போது கையில் போன் கூடாது. இந்த மூன்றிலும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மற்றதெல்லாம் அவர் போக்கில் பழகட்டும்.

உங்கள் எண், பக்கத்து வீட்டு எண், 108 மூன்றையும் அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஒரு மாதம் ஆனதும்

சம்பளத்தைச் சொன்ன தேதியில் அவர் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். பிறகு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் குறையை எடுக்கும் முன், "உனக்கு இங்க என்னம்மா கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். முதலில் "ஒண்ணுமில்லக்கா" என்பார். மறுநாள் இன்னொரு தரம் கேளுங்கள்.