ஃபோர்க் செய்தபின் உரிமத்தில் நடக்கும் தவறுகள்

ஒரு திறந்தமூல புராஜெக்டை ஃபோர்க் செய்ததும் (நிரலைப் பிரதியெடுத்துத் தனியே வளர்க்கத் தொடங்கியதும்) பலர் முதலில் கைவைப்பது லைசென்ஸ் ஃபைலில்தான். பழைய பெயரை அழித்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுவிடுவார்கள். எம்ஐடி (MIT) என்ற எளிய திறந்தமூல உரிமம் கேட்பதே ஒன்றுதான்: பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். அதையும் அழித்துவிட்டால் எந்த அனுமதியில் அந்த நிரலை வெளியிடுகிறீர்கள்? பழைய வரியைத் தொடாமல், அதன் கீழே உங்கள் ஆண்டையும் பெயரையும் சேருங்கள். அப்பாச்சி 2.0 உரிமம் என்றால் இன்னும் இரண்டு வேலை உண்டு: நீங்கள் மாற்றிய ஃபைல்களில் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும், நோட்டீஸ் ஃபைல் இருந்தால் அதிலுள்ள அறிவிப்புகளும் கூடவே போக வேண்டும்.

லைசென்ஸ் ஃபைலே இல்லாத ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) 'யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று நினைப்பது அடுத்த தவறு. அங்கே எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் விதிமுறைகள் தருவது பார்க்கவும் அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் செய்யவுமான அனுமதி. உரிமம் சேர்க்கச் சொல்லி அங்கே ஓர் இஷ்யூ (கோரிக்கைப் பதிவு) போடுங்கள்; பதில் வரும்வரை அந்த நிரலை உங்கள் புராஜெக்டில் கலக்க வேண்டாம்.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இந்தக் கலப்பில்தான். ஜிபிஎல் (GPL) உரிமம், அந்த நிரலைக் கலந்து வெளியிடும் மொத்தமும் ஜிபிஎல்லிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கும். எம்ஐடி நிரலை ஜிபிஎல் புராஜெக்டுக்குள் கொண்டுவரலாம். ஜிபிஎல் நிரலைக் கொண்டுவந்து மொத்தத்தையும் எம்ஐடி என்று வெளியிட முடியாது. அப்பாச்சி 2.0 நிரல் 2007இல் வந்த ஜிபிஎல் 3 உடன் சேரும். 1991இன் ஜிபிஎல் 2 உடன் சேராது. பேட்டன்ட் வழக்குப் போட்டவருக்கு பேட்டன்ட் அனுமதி ரத்து என்கிறது அப்பாச்சி. ஜிபிஎல் 2 இதைக் கூடுதல் கட்டுப்பாடாகக் கருதி ஏற்பதில்லை. ஆகவே ரீட்மீயில் வெறுமனே 'ஜிபிஎல்' என்று எழுதுவது அரைகுறை வேலை. 'பதிப்பு 2 மட்டும்' என்பதும் 'பதிப்பு 2 அல்லது பிந்தையது' என்பதும் வேறு வேறு. பின்னது என்றால் பதிப்பு 3ஐத் தேர்ந்துகொண்டு அப்பாச்சி நிரலைச் சேர்க்க வழியுண்டு. ஒவ்வொரு ஃபைலின் முதல் வரியிலும் எஸ்பிடிஎக்ஸ் (SPDX) குறியீட்டை, அதாவது உரிமத்தையும் பதிப்பையும் சுருக்கமாகச் சொல்லும் வரியை, போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் ஃபைல்களைத் திறந்து பாருங்கள், பெரும்பாலானவற்றில் உச்சியிலேயே அந்த வரி இருக்கும்.

சர்வரில் மட்டும்தானே ஓடுகிறது என்ற சமாதானம் ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல்லிடம் (AGPL) எடுபடாது. நிரலை மாற்றி, நெட்வொர்க் வழியே பயன்படுத்தக் கொடுத்தால், பயன்படுத்துபவருக்கு மாற்றிய மூலநிரலும் கிடைக்க வேண்டும்.

மூலப் புராஜெக்ட் உரிமத்தை மாற்றியபின் ஃபோர்க் செய்பவர்கள் எந்தக் கமிட்டிலிருந்து (பதிவான மாற்றத்திலிருந்து) பிரிகிறோம் என்று பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள், எம்ஐடி போன்ற எளிய உரிமமான பிஎஸ்டியை (BSD) விட்டபோது, அதன் ஃபோர்க்கான வால்கீ பிரிந்தது பிஎஸ்டியில் இருந்த 7.2.4 பதிப்பிலிருந்து. இப்படிப் பிரிந்தபின், புதிய உரிமத்தில் மூலப் புராஜெக்டுக்கு வந்த பிழைத்திருத்தத்தை 'நாலு வரிதானே' என்று செரி-பிக் செய்தால் (அந்தக் கமிட்டை மட்டும் எடுத்துச் சேர்த்தால்) சிக்கல் உள்ளே வந்துவிடும். பிழையைப் புரிந்துகொண்டு நீங்களே எழுதுங்கள்.

பங்களிப்பவர்கள் 'கிட் கமிட் -எஸ்' (git commit -s) கட்டளையை ஏதோ சடங்குபோல் அடிக்கிறார்கள். அது சேர்க்கும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரிக்கு, டிசிஓ (DCO) எனும் பங்களிப்பாளர் உறுதிமொழியைக் கேட்கும் புராஜெக்டுகளில் பொருள் உண்டு: இதை இந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை இருக்கிறது என்பது. வேலை ஒப்பந்தப்படி நீங்கள் எழுதும் நிரல் நிறுவனத்துக்குச் சொந்தம் என்றால், அந்த வரியைப் போடும் முன் நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.