விபத்துப் பாட்டும் வெள்ளப் பாட்டும்: புதிதாக எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து, மலையடிவாரத்து வீடுகளின் மேல் பாறையும் சேறும் இறங்கியதில் குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். பொங்கல் கழிந்த வாரத்தில் மூன்று இளைஞர்கள் காட்பாடியில் உள்ள என் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அந்த மண்சரிவைப் பற்றித் தாங்கள் கட்டிய பாட்டுகளை ஒருவர் பின் ஒருவராகப் பாடிக் காட்டினார்கள். குரல் நன்றாக இருந்தது, தாளமும் பிசகவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்து, இன்றுவரை மனம் ஆறாத அதே தவறு மூன்று பாட்டிலும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளம், புயல், ரயில் கவிழ்ந்தது, கொலை நடந்தது என்றால் அதைச் சிந்து என்னும் எளிய பாட்டு வகையில் கட்டி, மலிவுத் தாளில் சிறு புத்தகமாக அச்சிட்டு, சந்தையிலும் ரயிலிலும் டேப் என்னும் சிறு பறையை அடித்துப் பாடி விற்ற மரபு தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. முதலில் கடவுளை வேண்டும் காப்பு, பிறகு நாளும் கிழமையும், ஊர், நடந்த சேதி, புலம்பல், கேட்பவருக்குப் புத்தி, கடைசியில் எழுதியவரின் பெயர் என்று அதற்கு ஓர் ஒழுங்கும் உண்டு. இன்று புத்தகம் போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. பாட்டின் வேலை மாறவில்லை. எதுகை தட்டுவது, சீர் குறைவது போன்ற பிழைகளை நான் இங்கே பேசப் போவதில்லை. பாடப் பாட அவை தாமே சரியாகிவிடும். தாமாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்லாத் துயரத்துக்கும் ஒரே கருமேகம்

புதிதாக எழுதுகிறவர்கள் எந்தப் பேரிடரானாலும் வானத்தை இருட்டாக்கி, இடியை முழக்கி, மழையைக் கொட்டவைத்துத்தான் தொடங்குகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பாடும்போதும் அப்படியே தொடங்குகிறார்கள். அது ஞாயிற்றுக்கிழமைக் காலை. வானத்தில் எந்த அறிகுறியும் இல்லாமல், கடலுக்கடியில் சுமத்ரா அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலை அது. மேகம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்ததுதான் அந்தக் காலையின் கொடுமை. அங்கே கருமேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்தக் கொடுமை மறைந்துபோகிறது. இதற்கு நேர்மாறாக, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது புயலும் அது தள்ளிக்கொண்டு வந்த கடலும்தான். அதைச் சுனாமி என்று பாடுகிறவர்களை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

நம் பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து நம்மிடம் வருகிற ஆறு அது. ஆண்டில் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடுகிறது. அதனால் பாலாற்று வெள்ளத்தின் அச்சம் நம் தலைக்கு மேலே பெய்யும் மழையில் மட்டும் இல்லை. எங்கோ மேற்கே பெய்த மழையிலும் உடைந்த ஏரியிலும் இருக்கிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளம், அன்றைய மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து வந்த நீர். நம் ஊரில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆறு வந்துவிடலாம் என்பதைப் பாட்டில் சொன்னால், இங்கே பிறந்தவனுக்கு உடம்பு சிலிர்க்கும்; கருமேகத்தைப் பாடினால் சிலிர்க்காது.

2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் 9 பேர் இறந்ததைப் பற்றி ஒருவர் எழுதி வந்த பாட்டில், ஆற்று வெள்ளம் அவர்களை அடித்துக்கொண்டு போனது. உண்மையில் தொடர்மழையில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார்கள். சுவரைப் பாட வேண்டிய இடத்தில் ஆற்றைப் பாடினால், நனைந்த சுவருக்குப் பக்கத்தில் இன்றிரவு படுக்கப் போகிறவனுக்கு அந்தப் பாட்டு எதையும் சொல்வதில்லை.

தீர்ப்பு எழுதுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில், எங்கள் பக்கத்துக் கிராமச் சாலை ஒன்றில், திருமணத்துக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற லாரி ஓர் இறக்கத்தில் கவிழ்ந்து ஏழு குடும்பங்களில் சாவு விழுந்தது. ஓட்டுநரும் இறந்துவிட்டார். நான் மறுநாளே அந்த இடத்துக்குப் போனேன். உடைந்த வளையல்கள், ஒரு பித்தளைத் தாம்பாளம், சாலையோரப் புளியமரத்தில் உரிந்த பட்டை எல்லாவற்றையும் பார்த்தேன். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நின்றபோது, ஓட்டுநர் குடித்திருந்தாராம் என்று யாரோ சொன்னார்கள். யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. மூன்றே நாளில் நாற்பது அடிச் சிந்து தயாராகிவிட்டது. அதன் பல்லவி இது:

குடிச்ச கையி திருப்பிப் போச்சு – ஐயோ
குடும்பம் ஏழு அழிஞ்சு போச்சு

வேலூரில் ஓர் அச்சகத்தில் 500 பிரதிகள் அச்சிட்டு, சந்தைகளில் பாடி விற்றேன். ஆடி மாதத் திருவிழாக்களில் கூத்து தொடங்குவதற்கு முன் பாடச் சொல்லிக் கேட்டார்கள். பாட்டைக் கேட்ட லாரி உரிமையாளர் இரண்டாம் முறை அச்சிடத் தாள் வாங்கப் பணம் கொடுத்தார். ஏன் கொடுக்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, இழப்பீட்டு வழக்கில் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை வெளிவந்தது. பிரேக் எண்ணெய்க் குழாயில் பழைய விரிசல் இருந்திருக்கிறது. குழாயை மாற்ற வேண்டும் என்று ஓட்டுநர் இரண்டு முறை உரிமையாளரிடம் கேட்டதாக, உயிர் பிழைத்த கிளீனர் சாட்சி சொன்னார். குடித்திருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. அந்தச் சாலையில் நான் பார்க்கத் தவறிய ஒன்று அன்றிரவு நினைவுக்கு வந்தது. புளியமரம் வரையில் தாரின் மேல் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு எதுவும் இருக்கவில்லை. அதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். பிரேக் பிடிக்காமல் போனதும் அவற்றில் ஒன்று. கண் முன்னே கிடந்ததை எழுதாமல், டீக்கடையில் காதில் விழுந்ததை எழுதியிருந்தேன்.

ஓட்டுநரின் தாய் சந்தையில் கீரை விற்பவர் என்பது எனக்குத் தெரியாது. நான் பாடி நிறுத்திய ஒரு நாள், அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் அருகே வந்து, "எம்புள்ள வாயில ஒரு சொட்டு ஊத்துனத நீ பாத்தியா, நைனா?" என்று கேட்டார். "இல்ல, ஆயா" என்று சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்களில் ஒருவர், அந்த ஓட்டுநரின் மகளைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் பல்லவியைப் பாடித்தான் சீண்டுகிறார்கள் என்று என்னிடம் சொன்னார்.

விற்ற பிரதிகளைத் திரும்ப வாங்க ஊர் ஊராக அலைந்தேன். 130 தான் கிடைத்தன. பாட்டைத் திருத்தி, குழாயையும் உரிமையாளரின் அலட்சியத்தையும் வைத்துப் புதிதாக எழுதிப் பாடினேன். யாருக்கும் அது மனத்தில் தங்கவில்லை. பழைய பல்லவி மட்டும் எங்கேயோ ஒரு வாயில் இன்னும் இருக்கிறது.

கடல் கடந்தும் இதே சிக்கல் நிகழ்ந்திருக்கிறது. 1975 நவம்பர் 10 அன்று வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கனடாவின் கார்டன் லைட்ஃபுட் அதைப் பாட்டாக வெளியிட்டார். சரக்கறையின் மேல்மூடி உடைந்ததாக அதில் ஓர் அடி உண்டு. மூடியைச் சரியாகப் பூட்டாத பணியாளர்களின் தவறு என்று அதைக் கேட்பவர்கள் கொள்ளலாம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின், ஓர் ஆவணப்படம் பணியாளர் மேல் தவறில்லை என்று காட்டியபோது, அவர் மேடையில் அந்த அடியை மாற்றிப் பாடத் தொடங்கினார். அது பெருந்தன்மை. ஆனால் முதல் ஒலிப்பதிவில் பழைய அடி அப்படியே இருக்கிறது. உலகறிந்த பாடகருக்கே மூன்று தலைமுறை காதில் ஏறிய அடியை இறக்க முடியவில்லை என்றால், நம்மால் முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்காகக் காரணத்தையே பாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சிதைந்து ரயில் ஆற்றில் விழுந்தபோது, ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் பாலத்தை இடிக்கவில்லை, ஆனால் பொறுப்பேற்றார். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. உயிரோடு இருந்து, பதில் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவரின் பொறுப்பைக் கேட்கும் பாட்டைத் தைரியமாக எழுதுங்கள். வாய் மூடிப் போனவர் மேல், விசாரணை முடிவதற்கு முன், ஒரு சொல்லும் வைக்காதீர்கள். திருவண்ணாமலைப் பாட்டு மூன்றிலும் இருந்தது இதுதான். மலையடியில் ஏன் வீடு கட்டினீர்கள் என்று மண்ணுக்குள் போனவர்களையே கேட்டிருந்தார்கள். வாடகை எங்கே மலிவோ அங்கே போகிறவனின் கணக்கு அந்த மூன்று இளைஞர்களுக்கும் தெரியாதது அல்ல. பாட்டு கட்டும் வேகத்தில் மறந்துவிட்டார்கள்.

மெட்டு

சினிமா மெட்டில் பாடுவது பழைய சிந்துக்காரர்களும் செய்ததுதான், அதில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு மெட்டும் தன் பழைய சொற்களைச் சுமந்துகொண்டே வரும். காதல் பாட்டு மெட்டில் சாவைப் பாடினால், கேட்பவன் உள்ளுக்குள் முந்தைய பாட்டைத்தான் முணுமுணுப்பான். நொண்டிச் சிந்தின் தயங்கித் தயங்கிச் செல்லும் நடை இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது; முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை

இறந்தவர் எண்ணிக்கையை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், பல்லவியில் வைக்காதீர்கள்.

ஐயோ, ஐயையோ

எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவர்கள் ஐயோ என்று கத்துவது குறைவு. இறந்தவரை உறவுமுறை சொல்லி அழைத்து, அவர் உடுத்தியதை, உண்டதை, கடைசியாகப் போன வழியைச் சொல்லிச் சொல்லியே அழவைப்பார்கள். 2011 செப்டம்பர் 13 இரவு, சித்தேரியில் நின்றுகொண்டிருந்த அரக்கோணம் – காட்பாடி பயணிகள் ரயிலின் மேல், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட்டுக்கு வந்த ரயில் மோதி 10 பேர் இறந்தார்கள். இரண்டுமே நம் ஆட்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வண்டிகள். அதைப் பாட ஓர் ஐயோவும் தேவையில்லை. மூடிவைத்த சோற்றைச் சொன்னால் போதும்.

பாவம், சாபம், கலிகாலம்

பழைய சிந்துகளில் இது உண்டு என்று காரணம் காட்டாதீர்கள். கடல் பொங்கியது மக்கள் செய்த பாவத்தால் என்று பாடினால், அலையில் பிள்ளையைப் பறிகொடுத்த மீனவத் தாயிடம் அவள் பிள்ளை செய்த பாவம் என்ன என்று கேட்பதாக ஆகிறது. இதுவும் தீர்ப்புத்தான், சான்றே வேண்டாத தீர்ப்பு என்பதால் இன்னும் கொடியது.

பெயர்கள்

குடும்பத்தைக் கேட்காமல் ஒரு பெயரும் வேண்டாம். குழந்தைகளின் பெயர்கள், கேட்டாலும் வேண்டாம்.

நாள்

பதினாறாம் நாள் காரியம் முடியும் முன் பாடாதீர்கள்.

முத்திரை அடி

இந்த வகைப் பாட்டில் உங்கள் பெயர் தேவையில்லை.

பார்த்தவர் யார்

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை எளியது. பாட்டை எழுதி முடித்ததும் ஒவ்வோர் அடிக்கும் எதிரே, இதைப் பார்த்தவர் யார் என்று எழுதிக்கொள்வேன். நான் பார்த்தேன் என்றால் ஒரு கோடு. பார்த்தவர் என்னிடம் நேரில் சொன்னார் என்றால் ஒரு புள்ளி. இரண்டும் இல்லாத அடியை, அது எத்தனை அழகாக இருந்தாலும், அடித்துவிடுவேன். அந்த மூன்று இளைஞர்களையும் அன்று மாலை திண்ணையில் உட்காரவைத்து இதையே செய்யச் சொன்னேன். மூவரில் இளையவர் எழுதியிருந்த அடிகள் இவை:

மலையடியில் மனைபோட்டு மாண்டுபோனீரே – அந்த
மண்ணாசை உங்களையே மூடிப்போச்சே

எதிரே எழுத ஒன்றுமில்லை என்று அவரே அடித்துவிட்டார். அந்த ஆண்டு கார்த்திகைத் தீபம் டிசம்பர் 13 அன்று என்பது நினைவுக்கு வர, சிறிது நேரம் கழித்து வேறு இரண்டு அடிகளைக் காட்டினார்:

பன்னிரண்டு நாளிருக்கப் பாறை வந்ததே – தீபம்
பார்க்கவென்று வாங்கிவச்ச நெய்யும் மண்ணிலே

நன்றாக இருந்தது. "நெய் வாங்கி வைத்திருந்ததைப் பார்த்தவர் யார், தம்பி?" என்று கேட்டேன். அவர் முகம் வாடியது. "யாரும் இல்ல வாத்தியாரே, பாட்டுக்காகப் போட்டேன்" என்றார். வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் வரை தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தார்:

பன்னிரண்டு நாளிருக்கப் பாறை வந்ததே – தீபம்
ஏறுகின்ற மலையிருந்தே இறங்கி வந்ததே

அதற்கு எதிரே நானே ஒரு கோடு போட்டேன்.