பல வருஷம் கழித்து எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கும்போது: கடையில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

நீங்கள் விட்டுப்போன காலத்து வண்டியில் 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், ரிம்மைக் கவ்வும் வி-பிரேக் இருந்திருக்கும். இப்போது பெரும்பாலும் 29 அங்குலம், டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே பல்சக்கரம். "எத்தனை கியர்?" என்ற கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். முன்னால் 32 பல், பின்னால் 10 முதல் 51 பல் வரையிலான கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) இருந்தால் ஏலகிரி ஏற்றத்துக்கும் தாராளம்.

முதலில் வண்டி வகை. ஈசிஆர் தார், சர்வீஸ் ரோட்டுப் பள்ளம், புறநகர்ச் செம்மண் தடம் என்றால் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) 100 முதல் 120 மி.மீ. இறங்கினால் சரி. பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். கனம் அதிகம், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே போகும், இணைப்புப் புஷ் தேய்ந்ததும் பின்சக்கரம் ஆடும்.

அடுத்து அளவு. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக வேண்டும்; சீட் உயரம் அதுதான். ஹேண்டில்பார் 720 மி.மீ.க்கு மேல் அகலமாகவும் ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) குட்டையாகவும் இருப்பது குறையல்ல. முன்ஃபோர்க் பழையதைவிடச் சாய்ந்திருப்பதால் மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் உள்ளே சரிவதுபோல இருக்கும். பழகிவிடும். இறக்கத்தில் அந்தச் சாய்வுதான் வண்டியை நிதானமாக வைக்கிறது.

பின் ஹப்பை, அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்தை, கட்டாயம் பாருங்கள். யாரும் சொல்லித்தராத இடம் இது. பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் உள்ள பூட்டுவளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, நடுப்பகுதி நின்றால் அது திருகி ஏற்றும் ஃப்ரீவீல். ஃப்ரீவீலில் வலப்பக்க பேரிங் சட்டத்திலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருக்கும். பள்ளத்தில் இறங்கி இறங்கி ஆக்சில் வளையும். பல கியர் ஏற்றவும் இடமிருக்காது. பட்ஜெட் இடித்தால் பெயின்டையும் ஸ்டிக்கரையும் விட்டுக்கொடுங்கள், ஹப்பை விடாதீர்கள்.

ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்தது) என்றால் உங்கள் எடைக்குக் காற்று வைக்கச் சொல்லுங்கள். ஃபோர்க் குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீல்வரை இறக்கிவிட்டு, வழக்கமாக ஓட்டும் நிலையில் ஏறி நில்லுங்கள். துள்ளாமல் இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் வளையம் 15–20 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். கூடுதலாக நகர்ந்தால் காற்று ஏற்றவும், குறைந்தால் இறக்கவும். இதற்கு ஷாக் பம்ப் தனியாக வேண்டும். பங்க் காற்றைக் காட்டாதீர்கள்.

பிரேக் ஹைட்ராலிக்காக (கேபிள் இல்லாமல் திரவ அழுத்தத்தில் இயங்குவது) இருக்கட்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான். மெக்கானிக் டாட் ஃப்ளூயிட் (கார், பைக் பிரேக் திரவம்) ஊற்றினால் உள் சீல் உப்பிப் பிரேக் கெடும்.

சென்னைக்கென்று இரண்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் ஓட்டினால் உப்பு செயினையும் போல்ட்டையும் தின்னும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். ஹப் பேரிங்கில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ட்யூப்லெஸ் போட்டால் வெயிலில் சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, சக்கரத்துக்கு 100 மி.லி. அளவில் நிரப்புங்கள்.

வாங்கிய முதல் மாதத்தில் ஸ்போக்கும் கியர் கேபிளும் கொஞ்சம் தளரும். முதல் சர்வீஸில் அவற்றை இறுக்கித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.