கிராம சபையில் ஊருக்குத் திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பெரும்பாலும் அக்டோபர் 2 கூட்டத்தில் பேசப்படும். அன்று காலையில்தான் ஊரைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது முதல் தவறு. பொருள் நிரலை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். சத்தம் போடுகிறவர் தெருவுக்குச் சிமெண்ட் சாலை எழுதப்படும். ஒரு மாதம் முன்பே தெருத்தெருவாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஊர் வரைபடத்தை விவரம் தெரிந்த நாலு பேர் மட்டும் போடுவது அதைவிடப் பெரிய தவறு. ஓர் ஊரில் பள்ளி மைதானத்தில் கோலமாவால் வரைந்தோம். ஏரி, கோயில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வந்தன. குடிநீருக்குக் குறையில்லை, இன்னொரு மேல்நிலைத் தொட்டி வந்தால் போதும் என்றார்கள். ஓரமாக நின்ற ஒரு அக்கா மாவை வாங்கி, யாருமே வரையாத தன் தெருவைப் போட்டார். "மேட்டுத் தெருவுல குழாயை மூடினாத்தான் எங்களுக்குச் சொட்டும்" என்றார். மறுநாள் விடியற்காலை போய்ப் பார்த்தேன். குழாய்க்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். தண்ணீர் மேலே ஏறாததால் குழாயை வெட்டித் தாழ்த்தி, குழிக்குள் குடத்தை இறக்கிப் பிடிக்கிறார்கள். அங்கே தேவைப்பட்டது தொட்டி அல்ல, தெருவுக்குத் தனி வால்வு. அந்த அக்கா வராமல் போயிருந்தால் ஊர் லட்சக்கணக்கில் தவறாகச் செலவழித்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், எல்லாச் சாதியாரும் தயங்காமல் வந்து உட்காரும் இடத்தில், கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பிய பிறகு பேச்சை வையுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் பட்டியல் போடாதீர்கள். மத்திய வரிப்பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 15ஆவது குழு, 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அப்படி ஒதுக்கிய பணத்தில் சாலை கேட்டு வாதாடிப் பயனில்லை. செலவையும் பாருங்கள். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, ஏறிக்கொண்டே போன மின்கட்டணத்தைக் கவனித்ததால்தான் 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது.

கடைசியாக, கையெழுத்து. வருகைக்கு என்று நீட்டப்படும் வெற்றுப் பக்கத்தில் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். அந்தத் தெருவுக்குக் கேட்ட வால்வு முதலில் அப்படித்தான் போனது. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்; அடுத்த கூட்டத்தில் கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் அந்த வரியே இல்லை. அந்த இரண்டாவது கூட்டத்தில் அந்த அக்கா மேசை அருகிலேயே நின்றார். தெருப் பெயரோடு எழுதச் சொல்லி, மகளை உரக்க வாசிக்கவைத்துக் கேட்ட பிறகுதான் பேனாவை வாங்கினார்.